கிணறில்லாத ஊரில் கப்பிச் சத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. செல் குண்டு விழுகிற ஊரில் வளர்ந்தவள் நான். முனி உலாவும் என்று மற்றப் பிள்ளைகள் சுற்றிப்போன புளியமரத்தடியால்தான் நான் டியூஷனுக்குப் போய்வருவேன், அதுதான் கிட்டிய பாதை, மேலே ஆமி ஹெலிகொப்டர் சுற்றும்போது முனிக்குப் பயப்பட யாருக்கு நேரம் இருந்தது. கோயிலுக்கு நான் போவதும் பாதி அன்னதானத்துக்குத்தான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், டென்மார்க்கில் விபோர்க் நகரில் இருக்கும் என் சிநேகிதிக்கு இந்தக் கதையைப் போனில் சொன்னபோது அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உனக்கு வேலை கூடிப்போச்சு, லீவு எடுத்துக்கொண்டு நல்லாப் படு" என்றாள். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். பரவாயில்லை, நினைத்துக்கொண்டே வாசியுங்கள்.

எனக்கும் டென்மார்க்கில்தான், கிரின்ஸ்டெட் என்ற ஊரில் வீடு. கொம்மூன் என்கிற நகரசபையில் வீட்டுப் பராமரிப்பு வேலை, அதாவது தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குக் காரில் போய் மருந்து கொடுத்து, குளிக்க வார்த்து, சாப்பிட்டார்களா என்று பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது. என் பெயர் யோகராணி. டெனிஷ்காரர்கள் அதை யோகா என்று சுருக்கிவிட்டார்கள், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவள் என்று நினைத்து என் முன்னால் கையைக் காலை நீட்டிய கிழவிகளும் உண்டு.

நான் சொல்லப்போகிற மனிதரை மார்சல் என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயரைச் சொல்ல எங்கள் வேலையில் அனுமதி இல்லை. தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற வயது. ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் ஒரு பழைய பண்ணை வீட்டில் தனியாக இருந்தார். அவர் டெனிஷ்காரர் அல்ல, பெல்ஜியத்தில் பிளாண்டர்ஸ் பக்கத்துச் சின்னக் கிராமம் ஒன்றிலிருந்து வாலிபத்தில் பண்ணை வேலைக்கு வந்து, இங்கே ஒரு பெண்ணைக் கட்டி, அப்படியே தங்கிவிட்டவர். அவருடைய டெனிஷும் உடைந்தது, என்னுடைய டெனிஷும் உடைந்தது, அதனாலோ என்னவோ ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாக விளங்கியது. இங்கே எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார்கள். அந்த வயது மனிதரை நீ என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் எங்கள் பேச்சை நம்முடைய தமிழிலேயே, நீங்கள் என்று போட்டே சொல்கிறேன்.

அவருடைய சமையலறைச் சுவரில் ஒரு ஆணியில் இரும்புக் கப்பி ஒன்று தொங்கியது. கிணற்றில் கயிறு போட்டு வாளி இழுக்கிற அதே கப்பிதான். முதல் நாளே அதைக் கண்டுவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, நம்முடைய வீட்டு வளவிலிருந்து கழற்றி யாரோ டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டார்களோ என்று. தொட்டுப் பார்த்தேன். சக்கரம் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது, கொஞ்சமும் அசையவில்லை.

"அதுக்கு எண்ணெய் போடக் கூடாது" என்றார் மார்சல். "எங்கடை வீட்டுச் சட்டம் அது."

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது, அதை அவர் ஒரே நாளில் சொல்லவில்லை, நான் கோப்பி ஊற்றிக் கொடுக்கிற அந்தச் சின்ன நேரங்களில் துண்டு துண்டாகச் சொன்னார். முதல் உலக யுத்தம் வந்தபோது சண்டை அவருடைய கிராமத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றதாம், நின்றது நின்றதுதான், வருஷக்கணக்காக நகரவில்லை. முதலில் பள்ளிக்கூடத்தில் ஆமி, ராணுவம்தான், வந்து தங்கினார்கள், பிறகு மாதா கோவில் கோபுரத்தைக் குறிபார்த்து அடிக்கத் தொடங்கினார்கள், கடைசியில் எல்லோரும் வெளிக்கிட வேண்டும் என்று கட்டளை வந்தது. அவருடைய தாத்தா தள்ளுவண்டியில் பாயையும் கோழிக்கூட்டையும் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு பிரான்சுக்குள் போனாராம். மார்சலின் அப்பா அப்போது சின்னப் பிள்ளை. எனக்கு இதையெல்லாம் கேட்கப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை, அடுத்தது என்ன நடந்திருக்கும் என்று நானே எடுத்துக் கொடுப்பேன், அவர் ஆச்சரியமாகப் பார்ப்பார்.

யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது கிராமம் இல்லை. சேதமான கிராமம் என்று நினைக்க வேண்டாம், கிராமமே இல்லை, கல்லுக்கு மேல் கல் இல்லை, ஒரு மரம் இல்லை, தெரு எது வயல் எது என்று தெரியாமல் கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் பள்ளமும்தான். சனம் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிச் சேற்றுக்குள் அங்கும் இங்கும் நடந்தார்களாம். கோவில் இருந்த இடத்தையே யாராலும் காட்ட முடியவில்லை. மார்சலின் தாத்தா மட்டும் கிணற்றைத் தேடினார். செங்கல் வளையத்தின் ஒரு துண்டு சேற்றுக்கு மேலே தெரிய, அதைப் பிடித்துக்கொண்டு தோண்டினார். உள்ளே ஆமிக்காரர் எறிந்த தகரமும் முட்கம்பியும், அதற்கும் கீழே கப்பி. சுவர் ஒன்று எழும்ப முதல், கூரைக்குத் தகரம் கிடைக்க முதல், அவர் செய்த முதல் வேலை கிணற்றைத் துப்புரவாக்கி அந்தக் கப்பியைப் பூட்டியதுதான்.

"துருப்பிடிச்ச கப்பி, என்ன சத்தம் போட்டிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ" என்றார் மார்சல். "அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மற்றச் சனம் வந்தது. ஆரோ திரும்பி வந்து தண்ணி அள்ளினம் எண்டு விளங்கியிருக்கு. பிறகு எங்கடை கிணத்திலை இருந்துதான் மற்றவை தங்கடை காணியளை அளந்து பிடிச்சவை."

அன்றிலிருந்து அந்தக் கப்பிக்கு யாரும் எண்ணெய் போட்டதில்லை. வழி தவறி நிற்கிற யாருக்காவது கேட்க வேண்டும் அல்லவா. இப்போது அந்தக் கிராமத்தைப் போய்ப் பார்த்தால் முந்நூறு வருஷம் பழையது போல இருக்குமாம், கோபுரமும் வீடுகளும் பழைய படங்களைப் பார்த்து அப்படியே திரும்பக் கட்டியவை, கோவிலை விடத் தன் அப்பாவுக்கு வயது கூட என்று மார்சல் சிரிப்பார். இன்றைக்கும் உழும்போது செல் அகப்படும், கமக்காரர் அதைத் தூக்கித் தெருவோரம் வைத்துவிட்டு உழவைத் தொடர்வார்கள், ஆமி வந்து எடுத்துக்கொண்டு போகும். இரண்டாம் யுத்தத்திலும் அவர்கள் ஓடினார்கள், அந்தமுறை மார்சல் கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவர், ஓடித் திரும்பினார்கள், கிணறு அதே இடத்தில் இருந்தது. பிறகு டென்மார்க்குக்கு வந்தபோது கப்பியை மட்டும் மார்சல் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

நான் அவருக்கு என்னுடைய கதையைச் சொல்லவில்லை. இதைக் கவனமாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும். பராமரிக்கப் போகிற வீட்டில் நம் சோகத்தை அவிழ்க்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்ட சட்டம். சொல்லியிருந்தால் சொல்லியிருக்கக்கூடியது இதுதான். எங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று ஐயா எங்களோடு வரவில்லை. என் அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவையும் என்னையும் வாசல் படலை வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "நீங்கள் போங்கோ, மாட்டுக்கு ஒரு வாளி தண்ணி வைச்சு அவிட்டு விட்டிட்டு நான் பின்னாலை வாறன்" என்றார். வரவே இல்லை. பல வருஷம் கழித்து ஆமி பிடித்து வைத்திருந்த காணியை விட்டபோது நானும் என் மனுஷனும் லீவு போட்டுப் போய்ப் பார்த்தோம். வீடு இல்லை, பனை இல்லை, எல்லாம் பற்றைக்காடு. கிணற்றை வைத்துத்தான் நாங்களும் எங்கள் வளவைக் கண்டுபிடித்தோம். ஐயாவின் அடையாளமாக ஒரு சின்னத் துண்டுகூட அகப்படவில்லை.

இனி என்னுடைய முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். மார்சல் வீட்டுக்குப் போகத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, பின்னேரங்களில் அங்கே நிலம் துடைத்துக்கொண்டு நிற்கும்போது தூரத்தில் கப்பிச் சத்தம் கேட்கும். கிறீச் கிறீச்சென்று இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, திரும்ப இழுத்து, கடைசியில் வாளி கவிழ்கிற சத்தம். சுவரில் தொங்குகிற கப்பியிலிருந்து அல்ல, வெளியே, வயலுக்கு அந்தப் பக்கமிருந்து. பக்கத்துப் பண்ணைக்காரர் தண்ணீர் அள்ளுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் என் பாட்டுக்குத் துடைப்பேன். நம்புங்கள், ஒரு நாள்கூட எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. காகம் கரைவதைக் கேட்டு யாராவது நின்று யோசிப்பார்களா, அப்படித்தான் எனக்குக் கிணற்றுச் சத்தம். டென்மார்க்கில் எந்தப் பண்ணைக்காரன் கயிறு கட்டி வாளியால் தண்ணீர் அள்ளுகிறான் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும், எனக்குத் தோன்றவில்லை. அதைக் கேட்டால் மனம் கொஞ்சம் ஆறுவது மட்டும் தெரிந்தது. வீட்டில் மனுஷனிடம் ஒரு நாள், "அந்தப் பக்கத்துச் சனம் இன்னும் கிணத்துத் தண்ணிதான் பாவிக்குதுகள், நல்ல சனம்" என்றுகூடச் சொன்னேன், அவரும் நல்லது நல்லது என்று தலையாட்டினார்.

அது ஒரு நவம்பர் மாதம். பின்னேர மருந்துக்காக நான் போய்ச் சேர்ந்தபோதே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அதோடு கார் லைட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. குளிர் மேலங்கி கொளுவியில் தொங்குகிறது, மரச்செருப்பைக் காணவில்லை, ஆளைக் காணவில்லை. கோடை காலத்திலிருந்தே அவருக்கு மறதி தொடங்கியிருந்தது. ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு முன்பொரு முறை பஸ் நிற்கிற இடம் வரை போய்விட்டார், அன்றைக்கு வெயில் நாள். இந்தக் குளிரில் சட்டையோடு போன மனிதருக்கு அதிக நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும், அதைத்தான் எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள்.

பொலிசுக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் போன் அடித்தேன். பிறகு வைலே நகரில் இருக்கும் அவருடைய மகள் லீசாவுக்கு அடித்தேன், அவள் காரை எடுத்துக்கொண்டு அழுதபடியே வெளிக்கிட்டாள். பொலிஸ் கார் வந்தது, பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரில் வந்தார், எல்லோரும் பஸ் நிற்கிற பாதையை நோக்கிப் போனார்கள். முன்பு போனவர் அங்கேதானே போயிருப்பார் என்பது அவர்கள் கணக்கு. தேடுகிற நாயை வேறு நகரத்திலிருந்து கொண்டு வர வேண்டும் என்றார்கள். என்னை வீட்டிலேயே நிற்கச் சொன்னார்கள், ஆள் திரும்பி வந்தால் யாராவது இருக்க வேண்டுமே.

நான் முற்றத்தில் நின்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, இன்னொரு மனிதரையும் இப்படித் தொலைக்கப் போகிறேனா என்று. சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்களும், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களும் என் தலையில்தான் வந்து விழ வேண்டுமா என்று யாரையோ திட்டினேன். அப்போது அந்தக் கப்பிச் சத்தம் கேட்டது.

வீட்டுக்குப் பின்னால், பஸ் பாதைக்கு நேர் எதிர்ப் பக்கம். எப்போதும் கேட்பதைவிடத் தெளிவாக இருந்தது. எனக்கு அப்போது வந்த யோசனை ஒன்றே ஒன்றுதான். அங்கே யாரோ தண்ணீர் அள்ளுகிறார்கள், அவர்களிடம் போய் இப்படி ஒரு வயதானவரைக் கண்டீர்களா என்று கேட்போம். சத்தியமாக வேறொன்றும் நினைக்கவில்லை, ஊரில் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் கிணற்றடியில் நிற்பவர்களைத்தானே கேட்போம். முற்றத்தில் ரேடியோவோடு நின்ற இளம் பொலிஸ்காரரிடம், "அங்கை தண்ணி அள்ளினம், கேட்டுப் பாத்திட்டு வாறன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என் டெனிஷ்தான் பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் போனை லைட்டாக்கிப் பிடித்தபடி நடந்தேன்.

உழுத வயல். சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் சேற்றில் இழுபட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். இழுத்து, நிறுத்தி, இழுத்து. ஹலோ ஹலோ என்று கூப்பிட்டேன், பதில் இல்லை, சத்தம் மட்டும் நிற்கவில்லை. காற்றுக்குத் தடுப்பாக நட்ட ஊசிமரங்களின் வரிசையைத் தாண்டியதும் வாளி கவிழ்ந்த சத்தம் கிட்டத்தில் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. லைட்டைக் கீழே அடித்தேன். காலடியில் வடிகால் வாய்க்கால். அதற்குள் இடுப்பளவு தண்ணீரில், ஒரு கையால் புல்லைப் பிடித்தபடி, மார்சல் இருந்தார்.

கத்தினேன், என்ன மொழியில் கத்தினேன் என்று தெரியாது. பொலிஸ்காரர் ஓடி வந்தார், டிராக்டர் வந்தது, தூக்கினார்கள். உதடு நீலம், ஆனால் கண் திறந்திருந்தது. அம்புலன்சில் ஏற்றும் வரை நான் அவருடைய கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். லீசா வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் தோளை நனைத்துவிட்டாள், டெனிஷ்காரர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பண்ணைக்காரர்தான் கேட்டார், எப்படி நேராக அங்கே போனாய் என்று. உங்கள் கிணற்றுச் சத்தத்தைக் கேட்டுத்தான், யாரிடமாவது விசாரிப்போம் என்று போனேன் என்றேன்.

"எந்தக் கிணறு?" என்றார் அவர். "எங்கடை அப்பா காலத்திலையே இஞ்சை குழாய்த் தண்ணிதான். இந்தப் பக்கத்திலை நான் கிணறு கண்டதேயில்லை."

பொலிஸ்காரர் தனக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றார். அத்தனை மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது என்ன என்ற கேள்வி அப்போதுதான் முதன்முதலாக எனக்கு வந்தது, காரில் போய் இருந்துகொண்டேன்.

அடுத்த நாள் வேலை முடிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மார்சல் தலையணையில் சாய்ந்து, முகத்தில் கொஞ்சம் இரத்த ஓட்டம் திரும்பி, சூப் குடித்துக்கொண்டிருந்தார். லீசா பக்கத்தில் இருந்தாள். கப்பிச் சத்தம் கேட்டுத்தான் வெளியே போனேன் என்று அவர் சொன்னார். யாரோ திரும்பி வந்துவிட்டார்கள் என்று நினைத்தாராம்.

"உங்கடை தாத்தாவோ நிண்டவர்?" என்று கேட்டேன். ஒரு ஆறுதலுக்குத்தான் கேட்டேன்.

"இல்லை, தாத்தாவை எனக்குத் தெரியுமே. இது வேறை ஆள். கறுத்த மெலிஞ்ச மனிசன், அந்தக் குளிருக்கை மேலுக்கு ஒண்டுமில்லை, இடுப்பிலை மட்டும் ஒரு துணி. இடக்கையாலைதான் இழுத்தவர், கொஞ்சம் இழுத்திட்டு நிப்பாட்டித் தோளைத் தடவினவர். நான் வாய்க்காலுக்கை விழுந்ததைக் கண்டவர். விழ முதல் நான் அவரை, வீட்டுக்குள்ளை வாங்கோ, குளிருது எண்டு கூப்பிட்டனான்."

"என்ன சொன்னவர்?"

"நீங்கள் போங்கோ, நான் பின்னாலை வாறன் எண்டவர்."

லீசா, அப்பா கனவு கண்டிருக்கிறார் என்று என்னிடம் கண்ணால் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஐயாவின் வலது தோளில் செல் துண்டு ஒன்று இருந்தது, எடுக்க முடியாமல் டாக்டர் விட்டுவிட்டது. அதனால் அவர் இடது கையால்தான் தண்ணீர் அள்ளுவார், இழுத்து, நிறுத்தித் தோளைத் தடவி, திரும்ப இழுப்பார். அன்றைக்குப் படலையைத் தாண்டிச் சனத்தோடு சனமாக நடந்தபோது என் முதுகுக்குப் பின்னால் கடைசியாகக் கேட்டதும் அதே சத்தம்தான். இதை நான் அம்மாவோடுகூடப் பேசியதில்லை, மார்சலிடம் சொல்ல வாய்ப்பே இல்லை.

பயமாக இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். முதல் இரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு வந்தது நன்றிதான், வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு காலமும் ஐயா கடைசியில் எந்தக் குழியில், என்ன பயத்தில் கிடந்தாரோ என்றுதான் என் நினைப்புப் போகும். இப்போது தண்ணீர் அள்ளிக்கொண்டு நிற்கிற ஐயாதான் கண்ணுக்குள் வருகிறார், அதுவும் ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், அன்னதானத்துக்கு நிற்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மார்சல் அந்தக் குளிர்காலம் முழுவதும் இருந்தார். என் பெயரை மறந்துவிட்டார், ஆனால் நான் கதவைத் திறந்து உள்ளே போகும்போதெல்லாம் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அவர் வந்திட்டாரோ?" என்று கேட்பார். வருவார் என்பேன். கோடை தொடங்கும்போது, தன் சொந்தக் கட்டிலில், நித்திரையிலேயே போனார். கப்பியை லீசா ஒரு துணியில் சுற்றி என் கையில் தந்தாள், அப்பா உங்களுக்குத்தான் கொடுக்கச் சொன்னவர் என்று. வேலை விதிப்படி வாங்கக் கூடாது, மேலதிகாரியிடம் கேட்டுத்தான் வாங்கினேன்.

இப்போது அது எங்கள் சமையலறையில் தொங்குகிறது. கயிறு இல்லை, சக்கரம் இன்னும் இறுகித்தான் கிடக்கிறது, கையால் சுற்றினாலும் சுற்றாது. என் மனுஷன் எண்ணெய்ப் போத்தலோடு வந்தார், நான் விடவில்லை. அவருக்கு இந்தக் கதையில் துளி நம்பிக்கையும் இல்லை. மனப்பிராந்தி என்பார், எங்களுக்குப் பின்னால் சூப்பர்மார்க்கெட்டின் கார் தரிப்பிடம்தான் இருக்கிறது, அங்கே எந்த ஆவி வந்து தண்ணீர் அள்ளப் போகிறது என்று பகிடி பண்ணுவார்.

போன கிழமை அவர் பக்டரி வேலை முடிந்து பின்னேரம் வந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். அவர் வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே, வழக்கமாகப் பேசுவது போலத்தான் சொன்னார்.

"இஞ்சரப்பா, பின் வளவிலை ஆரோ தண்ணி அள்ளினம் போலை கிடக்கு."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைக்கவில்லை, நானும் சொல்லவில்லை. தட்டிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்து வைத்து ஊற்றினேன். ஐயாவுக்குச் சீனி கொஞ்சம் கூடப் போட வேண்டும்.